பன்னிரண்டு பச்சை ஜெர்கின்கள்

1993 டிசம்பர் 17. காலை 7.10.

காவல்காரர் மூக்கன் குடோனைத் திறந்தார். ஐந்து மூட்டை ஜெர்கின் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. பின்னால் நின்ற எஸ்டேட் முதலாளி வேலுசாமி உடனே போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

8.05. ஏற்காட்டிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் அமலி வந்து சேர்ந்தாள். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. சாவி ராத்திரி முழுக்க மூக்கனின் இடுப்பில்.

தொலைந்த மூட்டையில் பன்னிரண்டு ஜெர்கின், குளிருக்கான ஃபிளீஸ் துணியில். எஸ்டேட்டின் அறுபது ஆண் தொழிலாளர்களுக்காகத் திருப்பூரில் சொல்லித் தைத்த அறுபதில் ஒரு பங்கு. கரும்பச்சை நிறம், நெஞ்சில் வெள்ளைக் காப்பிப் பூ, அதன் கீழே மஞ்சள் நூலில் எஸ்டேட் பெயர். மூன்று மாதம் மாதிரி வரவழைத்து, அளவெடுத்து, கடிதம் எழுதி வாங்கியவர் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணி.

"பத்து மணிக்குப் பெங்களூர் வியாபாரிங்க வர்றாங்க. அறுபது பேரும் போட்டுக்கிட்டு நிக்கணும்னு நேத்துக் காலையிலதான் சொன்னேன். இவனைக் கூட்டிட்டுப் போய் விசாரிங்க" என்று வேலுசாமி மூக்கனைக் காட்டினார்.

மூக்கன் ஆஜானுபாகு. காக்கிச் சட்டையின் பொத்தான்கள் மார்பில் தெறிக்கப் பார்த்தன.

"மூட்டைய யார் இறக்குனாங்க?" என்று கேட்டாள் அமலி.

"ரைட்டரய்யாதானுங்க. சாயந்தரம் சேலத்துல இருந்து ஜீப்புல அவரே கொண்டாந்தாரு. அஞ்சுன்னாரு. நான் பூட்டுனதோட சரிங்க."

"எண்ணலையா?"

"இல்லீங்க."

"யார் மேல சந்தேகம்?"

மூக்கன் தரையைப் பார்த்தார். "ஆரு மேலயும் இல்லீங்க. கூட்டிட்டுப் போறதுன்னா போங்க."

நிரபராதி இப்படிப் பேசுவதில்லை; திருடனும் இப்படிப் பேசுவதில்லை. அமலிக்கு அந்த ஆள்மேல் இரக்கம் வந்தது.

தரையெங்கும் காப்பித் தோல் தூசி. மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னாள். ஒவ்வொன்றின் அடியிலும் அழுந்திய தடம். மொத்தம் நான்கு.

8.40. ஆபீஸ் அறை. தேவசிகாமணியிடம் அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். நாற்பது அங்குலம் இருபத்து நான்கு பேர். முப்பத்தெட்டு இருபத்து நான்கு பேர். முப்பத்திரண்டு பன்னிரண்டு பேர். மற்ற நான்கு மூட்டையிலும் பெரிய அளவுகள்; அந்த மூட்டைதான் காணாமல் போனது. பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். திரும்பிக் கதவருகே நின்ற மூக்கனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரைட்டர் சார், திருடினது நீங்கதான்."

தேவசிகாமணியின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது.

"என்னம்மா சொல்றீங்க? ஆர்டர் போட்டவரே அவருதான்!" என்றார் வேலுசாமி.

"அதனாலதான் சார். எஸ்டேட் பேர் போட்ட ஜெர்கினை வெளியில விக்க முடியாது. அப்ப எடுத்தவருக்குக் காசு நோக்கமில்ல. தரையில நாலு தடம்தான் இருக்கு. அஞ்சாவது மூட்டை குடோனுக்குள்ள வரவே இல்ல. எண்ணிக்கை சொன்னது ரைட்டர் மட்டும்." பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். "எல்லாரும் பூட்டைப் பார்த்தோம், இதைப் பார்க்கல. பட்டியல்ல மூக்கனுக்கு முப்பத்திரண்டு அங்குலமாம். இவருக்கு இதுல ஒரு கை நுழையுமா? இது யார் அளவு, மூக்கன்?"

மூக்கன் கதவை விட்டு முன்னால் வந்தார். "எம்பொஞ்சாதி சென்னம்மா அளவுங்க. விடியால பனியில பழம் பறிக்கறவ. சாக்கைப் போத்திக்கிட்டுப் போறா. போன மார்கழியில நெஞ்சுல சளி கட்டிப் பொழைச்சதே பெருசுங்க. எனக்கு வேண்டாம், அவளுக்குத் தெச்சுக் குடுங்கன்னு ரைட்டரய்யாகிட்ட நான்தான் கேட்டேன். அப்புறம் இன்னும் பதினொரு பேரு இப்படியே கேட்டாங்க."

"வீட்டுக்கு வீடு கொடுத்துட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றார் தேவசிகாமணி மெதுவாக. "திடீர்னு எல்லாரும் போட்டுக்கிட்டு நிக்கணும்னீங்க. மூட்டையைப் பிரிச்சா அம்பலமாகும். என் குவார்ட்டர்ஸ்ல கட்டிலுக்கடியில வெச்சிருக்கேன். பழி மூக்கன் மேல விழும்னு யோசிக்கல. விழுந்ததும் சொல்லியிருக்கணும், வாய் வரல."

"நீங்க ஏன் சொல்லல?" என்று அமலி மூக்கனைக் கேட்டாள்.

"எங்களுக்குன்னு செஞ்சவரை எப்படிங்க காட்டிக் குடுக்கறது?"

வேலுசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே, மூடுபனிக்குள், பழம் பறிக்கும் பெண்களின் சாக்குத் தலைகள் மட்டும் தெரிந்தன. அறுபது பேருக்குத் திட்டம் போட்டபோது அந்தப் பக்கம் அவர் பார்த்திருக்கவில்லை.

"புகாரை எழுதிக்கவா சார்?"

"வேண்டாங்க." பட்டியலை ரைட்டர் முன் தள்ளினார். "மூட்டையைத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு அனுப்புங்க. திருப்பூருக்கு இன்னொரு கடிதம் எழுதுங்க. மீதிப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும், இந்தப் பன்னிரண்டு ஆம்பளைங்களுக்கும். இந்தத் தடவை மூக்கன் நெஞ்சையே அளந்து எழுதுங்க."