எட்டு மணி நேர மழை

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செபாஸ்தியானுக்கு இடுப்பு மரத்துப் போயிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வளைவும் முதுகில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கியது. பையில் இரண்டு பழைய போன், ஒரு பவர் பேங்க், மூன்றுகால் ஸ்டாண்டு, நான்கு இட்லி. மொத்தம் மூன்று கிலோகூட இருக்காது. ஒன்றரை வருஷத்துக்கு முன்புவரை நூறு கிலோ மூட்டையைத் தோளில் வாங்கியவன், அந்தப் பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான்.

அம்மாசி சாவியோடு நின்றிருந்தான். பூட்டிக் கிடக்கும் பழைய கடுக்காய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன்.

"மழ சத்தம் புடிக்கவா இம்மாந் தூரம் வந்தீங்க? உங்க ஊர்ல மழயே பேயாதாண்ணா?"

"பேயும். எங்களுது தளம் போட்ட வூடு. தகரத்துல வுழற சத்தம் வராது."

"இத்த யாரு கேப்பாங்க?"

"தூக்கம் வராதவங்க."

அம்மாசி வாய்விட்டுச் சிரித்தான். "தூக்கம் வரலன்னா நாலு நாளு மொளகு பறிக்கப் போவச் சொல்லுங்க. நின்னுகினே தூங்குவாங்க."

ஊரைத் தாண்டி, ஒரு ஓடையைக் கடந்து, பத்து நிமிஷ மண்பாதை. கிடங்கு ஒரு மேட்டில் தனியாக இருந்தது. கருங்கல் சுவர், துருவேறிய தகரக் கூரை. கதவைத் தள்ளியதும் உள்ளே அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடித்தது. கடுக்காயின் துவர்ப்பு, வௌவால் எச்சம், அதற்கும் அடியில் ஈரச் சாக்கின் நெடி. உள்ளே ஒரு சாக்குகூட இல்லை.

வாசலிலிருந்து பின்சுவர் வரை தரை மட்டும் ஒரு தடமாக வழவழவென்று தேய்ந்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் வெறுங்கால் தேய்த்த தேய்ப்பு. அதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"மழ புடிச்சா உள்ள குந்தாதீங்க. டீக்கடைக்கு வந்துடுங்க" என்றான் அம்மாசி.

ஏன் என்று செபாஸ்தியான் கேட்கவில்லை. ஆள் இருந்தால் மூச்சுச் சத்தம் பதிவாகும். அவனுக்கும் அதுவே வசதி.

*

உளுந்தூர்பேட்டையில் லோடுமேனாக இருபது வருஷம் வேலை செய்தவன். ஒரு நாள் லாரியின் ஏறுபலகையில் ஏறும்போது கால் வழுக்கி, மூட்டையோடு உட்கார்ந்துவிட்டான். டிஸ்க் நகர்ந்துவிட்டது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மனைவி ஷீபா பைபாஸ் ஓட்டலில் பாத்திரம் கழுவித்தான் அடுப்பு எரிகிறது.

வீடியோ சேனல் வைக்கச் சொன்னது போன் ரிப்பேர் கடை அஷ்பாக். முதலில் செபாஸ்தியான் கேமரா முன் நின்று லாரி வாழ்க்கையைப் பேசினான். யாரும் பார்க்கவில்லை. "உனுக்குப் பேசவும் வரல, மூஞ்சியும் அவ்ளோ சொல்லிக்கிற மாதிரி இல்ல" என்றான் அஷ்பாக். "பேசாம மழயப் போடுண்ணே. ஒருத்தன் போட்டுட்டுத் தூங்கிட்டான்னா எட்டு மணி நேரம் நம்ம கணக்குல ஏறும்."

விளம்பரம் வந்தால்தான் காசு. விளம்பரம் வர வேண்டுமானால் ஒரு வருஷத்துக்குள் ஜனங்கள் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். வருஷம் தாண்டிய நேரம் தினமும் கழிந்துகொண்டே போகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஷீபாவிடம் அவன் கெடு வாங்கியிருந்தான். கிறிஸ்துமஸுக்குள் காசு வரவில்லையென்றால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மூட்டைக்கே போய்விடுவது. மேஸ்திரியிடமும் சொல்லி வைத்தாயிற்று.

"போய் வுழுந்தீங்கன்னா நான் எந்தக் கையால தூக்குறது?" என்று மட்டும் ஷீபா கேட்டாள். சோடாமாவில் தோல் உரிந்த கைகளை விளக்கெண்ணெய் தடவி மடியில் வைத்திருந்தாள்.

*

மலையில் நாலு மணி நேரம் பதிந்ததை அஷ்பாக் ஒட்டி எட்டு மணி நேரமாக்கிப் போட்டான். மூன்றே வாரத்தில் மணி நேரம் மளமளவென்று ஏறியது. இரண்டாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு.

ஒரு காலையில் அஷ்பாக் கடைக்குக் கூப்பிட்டான்.

"இன்னாண்ணே, உள்ள குந்திகினு துணி தொவச்சியா?"

"இன்னா பாய் சொல்ற?"

"கீழ எழுதுறானுங்க பாரு. 'மழைக்கு நடுவில் தொம் தொம் என்று வருகிற சத்தம் அருமை. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.' ஒருத்தன் இல்ல, அம்பது பேரு."

செபாஸ்தியான் ஹெட்போனை மாட்டினான்.

தகரத்தில் மழை. வெகுநேரம் மழை மட்டும்தான். அப்புறம் கனமாக ஏதோ தரையில் விழுந்தது.

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

அது நூறு கிலோ மூட்டை. தோளிலிருந்து சரிந்து, மூட்டைகள் அடுக்கிய அட்டியில் உட்கார்கிற சத்தம். இருபது வருஷம் காதில் விழுந்தது, தவறாது.

அதைத் தொடர்ந்து, மழைக்கு அடியில், ஒரு ஆணின் குரல்.

"தாயே."

மூட்டையை இறக்கும்போது ஒவ்வொரு லோடுமேனும் ஒரு வார்த்தை சொல்வான். நினைத்துச் சொல்வதல்ல, மூச்சோடு சேர்ந்து வருவது. ஒருவனுக்கு முருகா, ஒருவனுக்கு யா அல்லா, செபாஸ்தியானுக்கு சேசுவே. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அதை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.

அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நாற்பது நொடி ஆனதும் மறுபடி தொம். மறுபடி தாயே. லாரிக்குப் போய், தோளில் வாங்கி, திரும்பி வருகிற நேரம்.

நாலு மணி நேரமும் அது நிற்கவில்லை.

"அத்த எடுத்துடு பாய்" என்றான்.

அஷ்பாக் அந்தச் சத்தத்தை எல்லாம் வெட்டிவிட்டு, வெறும் மழையைப் போட்டுப் பார்த்தான். யாரும் பத்து நிமிஷம் தாண்டவில்லை. எவனுக்கும் தூக்கம் வரவில்லை. டிசம்பர் பிறந்தபோது இன்னும் அறுநூறு மணி நேரம் பாக்கி இருந்தது. பழைய மணி நேரம் கழியத் தொடங்கியிருந்தது.

"இன்னொரு தபா போய்ட்டு வந்துடுண்ணே" என்றான் அஷ்பாக், முகத்தைப் பார்க்காமல். "அந்தச் சத்தத்தோட."

*

இந்த முறை அம்மாசி இல்லை. கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் சாவியைக் கொடுத்தாள். கொடுத்தவள் சாவியை உடனே விடவில்லை.

"உள்ள இன்னாம்மா சத்தம்?" என்று அவன் கேட்டான்.

"அந்தக் காலத்துல மழைக்கு முன்ன லாரிய அனுப்பணும்னு விடாம எறக்க வச்சாங்களாம். மலைக்குக் கீழ இருந்து வந்த ஆளு ஒருத்தரு, 'செத்த நேரம் படுத்து எந்திரிக்கிறேன்'னாராம். 'எறக்கிட்டுப் படு'ன்னாங்களாம். அப்படியே மூட்ட மேல சாஞ்சவருதான், எந்திரிக்கவே இல்ல."

"அவரு பேரு?"

"கூலிக்காரன் பேர யாருண்ணா வச்சினு இருக்கா?"

காலை பத்து மணிக்கு ஸ்டாண்டை நிறுத்திப் போனைப் பதிவில் போட்டான். கதவைச் சாத்திவிட்டு இறங்கலாம் என்று வெளியே வந்தால், கீழே ஓடை இடுப்பளவு சிவப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. வானம் உடைந்த மாதிரி கொட்டியது. வேறு வழியில்லை. திரும்ப உள்ளே போய், சுவரோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

பகல்தான். உள்ளே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருந்தது.

மழை. தகரம். மழை.

அப்புறம், ஈரத் தரையில் வெறுங்கால் பதிகிற சத்தம்.

அது வாசலிலிருந்து வந்தது. கதவு சாத்தித்தான் இருந்தது.

பீடி நாற்றமும் உப்புப் பூத்த வேர்வை நாற்றமும் அவன் முகத்தைத் தொட்டுக்கொண்டு கடந்து போயின. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தேய்ந்த தடத்தில் மட்டும் ஈரம் ஒவ்வொரு அடியாக நகர்ந்தது.

தொம்.

அவன் உட்கார்ந்திருந்த தரை அதிர்ந்தது.

"தாயே."

செபாஸ்தியான் முழங்காலைக் கட்டிக்கொண்டான். சுருண்டு உட்கார்ந்திருந்தான். காலடி போயிற்று, வந்தது. தொம். போயிற்று, வந்தது. எத்தனை முறை என்று தெரியாது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு எதுவாகவோ மாறிக்கொண்டிருந்தது. அந்தக் குரலில் கோபமில்லை, அழுகையில்லை. நாலாவது லாரியின் கடைசி மூட்டைகளில் அவன் நெஞ்சிலிருந்தும் அதே குரல்தான் வந்திருக்கிறது.

ஒரு நடையில் காலடி தடுமாறியது. ஈரத்தில் குதிகால் வழுக்குகிற சத்தம்.

லோடுமேன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்கிறவன் தடுமாறினால், பக்கத்தில் இருப்பவன் உடனே உட்காரச் சொல்லிவிடுவான். யோசிக்க மாட்டான், யோசித்தால் ஆள் விழுந்துவிடுவான். சொன்னால் அந்த ஆளின் முறை சொன்னவனுக்கு வந்துவிடும். லாரி காலியாகும் வரை திருப்பிக் கொடுக்க முடியாது.

"செத்த குந்துபா" என்று செபாஸ்தியானின் வாய் சொன்னது. "நான் பாத்துக்குறேன்."

மழைச் சத்தம்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

அவன் பக்கத்தில், சுவரோரம், யாரோ மெதுவாகச் சரிந்து உட்காருகிற சத்தம்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. மணி நாலரை. உடம்பெல்லாம் இரண்டு லாரி இறக்கியது போலக் கடுத்தது. சட்டையை விலக்கினால் வலது தோள் தோலுரிந்து சிவந்திருந்தது. காலருக்குள் விரலை விட்டான். சணல் தும்பு வந்தது. ஈரமாக.

போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். இடுப்பு வலிக்கவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

*

மறுநாள் கடையில் இருவரும் ஆளுக்கொரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டார்கள்.

தொம். தாயே. தொம். தாயே. தடுமாற்றம். செபாஸ்தியானின் குரல், "செத்த குந்துபா."

அப்புறம் தொம்.

"சேசுவே."

அஷ்பாக் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

நாற்பது நொடி. தொம். சேசுவே. கடைசி வரை அதுவே. கூடவே இன்னொரு சத்தம். மைக்குக்கு மிகப் பக்கத்தில், நிதானமாக, ஆழமாக, வருஷக்கணக்கில் தூங்காதவன் தூங்குகிற குறட்டை.

"அண்ணே" என்றான் அஷ்பாக், குரல் இறங்கி. "இத்தப் போட வேணாம்ணே. அழிச்சிடலாம்."

செபாஸ்தியானுக்கு ஷீபாவின் கைகள் நினைவுக்கு வந்தன. பெல்ட்டும் மேஸ்திரியும் நினைவுக்கு வந்தார்கள்.

"போடு பாய்."

பதினோரு நாளில் நாலாயிரம் தாண்டியது. 'அந்தக் குறட்டை வந்ததும் என்னையறியாமல் தூங்கிப்போகிறேன், யாருங்க அவர்?' என்று நிறைய பேர் கேட்டிருந்தார்கள். பதினெட்டாம் தேதி, விளம்பரம் போட அனுமதி வந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. ஷீபா அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப மூட்டைக்குப் போ வேணாம் இல்ல?"

"வேணாம்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

இனி மலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். சாவியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். மழைக்கு வேறு தகரமா இல்லை?

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. எலவனாசூர்கோட்டையில், அவர்கள் ஊரில், மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு பெய்யத் தொடங்கியது. செபாஸ்தியான் வாசல்படியில் உட்கார்ந்து காகித நட்சத்திரத்துக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். ஷீபா தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டலிலிருந்து ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றியவள், கதவுப் பக்கம் காதைச் சாய்த்து நின்றாள்.

"ஏங்க, உள்ள யாரு படுத்துகினு இருக்காங்க?"

"யாருமில்லியே."

"கொறட்ட கேக்குதே. இன்னா கொறட்ட, செவுரே ஆடுது."

அவனுக்கும் கேட்டது. நிதானமாக, ஆழமாக.

எழுந்தான். உள்ளே போய்ப் பார்க்கத்தான் எழுந்தான். ஆனால் கை தானாக நீண்டு, ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தது. நாலாக மடித்தது. வலது தோளில் போட்டது.

"எங்க கெளம்பிட்டீங்க இந்த மழயில?" என்றாள் ஷீபா. "ஏங்க? என்னப் பாருங்க. ஏங்க!"

தெரு காலியாகத்தான் இருந்தது. மழைக்குள், வாசலுக்கு மிகப் பக்கத்தில், லாரியின் பின்கதவைத் திறந்து ஏறுபலகையைச் சாய்க்கிற சத்தம் கேட்டது.