முன்னால் போனவர்

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெரியவர் இறங்கி வந்தபோது, சம்பந்தி கண்ணில் நீர் வர இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காலங்காத்தால இப்படி ஒரு ஜோக்க எடுத்து விடுவீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல சம்பந்தி. இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அன்று காலை பெரியவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாடியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, நிதானமாகச் சட்டை மாட்டி, இப்போதுதான் வருகிறார். அதுவும் சம்பந்தியிடம் நகைச்சுவையா? அவர் குடும்பத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. 'நான் எங்கே சொன்னேன்?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கிவிட்டார்.

அவருடைய தகப்பனார் கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனவர். பெற்ற மகனையே "தம்பி, நீ யாரு?" என்று கேட்டவர். மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது பெரியவர் அதை வெளியே விடாமல், அப்பா போனதற்குக் காரணம் மாரடைப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். மறதி ரத்தத்தில் ஓடுகிற வீடு என்று நாளைக்கு எவனும் அவர் பெண்ணை நோக்கி விரல் நீட்டக்கூடாது. இந்த வெளிநாட்டுப் பயணத்தில், சம்பந்தி கண் முன்னாலா அது எட்டிப்பார்க்க வேண்டும்?

"ஆமாம்" என்றார்.

பழைய கோட்டையின் அடிவாரத்தில் மருமகன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "மாமா, இங்க வீல்சேர் வாடகைக்குத் தர்றாங்க. எடுத்துக்கலாமா?"

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை? காலு கல்லு மாதிரி இருக்கு."

"கல்லு நடக்காதே சம்பந்தி!" என்றார் சம்பந்தி. எல்லாரும் சிரித்தபடி முன்னால் போனார்கள்.

அவர் பின்னால் ஏறினார். ஈரமும் பாசியும் மணக்கும் அந்தச் சுழற்படிக்கட்டில், சுவரைப் பிடித்துப் பிடித்து, வலது காலைப் பின்னால் இழுத்து, மேலே மங்கிக்கொண்டே போகும் சிரிப்புச் சத்தத்தைத் துணையாகக் கொண்டு ஏறினார். உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. காற்றில் தைலத்தின் வாசனை. கைப்பிடிச் சுவரில் கை வைத்தார். நிழலில் கிடந்த கல், யாரோ வெகுநேரம் சாய்ந்திருந்தது போல ஒரு இடத்தில் மட்டும் சூடாக இருந்தது.

"என்னப்பா, மறுபடியும் கீழ போயிட்டா வர்றீங்க?" மகள் ஆச்சரியத்தோடு கேட்டாள். "இப்பத்தான இங்க நின்னு போட்டோ எடுத்தோம்?"

சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்."

மதியம் அருங்காட்சியகம். ஆள் உயரச் சித்திரங்கள் வரிசையாகத் தொங்கும் நீண்ட கூடங்கள். மெழுகு பூசிய மரத்தரை. பழைய துணியும் தூசியும் கலந்த வாடை. அவர் ஒரு கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் குடும்பம் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. அங்கிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றும் சத்தம், மறு கால் இழுபடும் சத்தம். தன்னுடையதுதான், கூரையில் மோதித் திரும்புகிறது என்று நினைத்து நின்றார்.

அது நிற்கவில்லை. இழுத்து, ஊன்றி, இழுத்து, அவருக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

வாசலில் மனைவி காத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னங்க இது, இந்த வயசுல? சம்பந்தி வீட்டாளுங்க பாக்க இப்படியா கையப் புடிச்சுக்கிட்டு நடப்பாங்க?" கடிந்துகொண்டாளே தவிர, அந்தக் கையை இன்னொரு கையால் மூடி வைத்திருந்தாள். "ஒருநாளும் நீங்க இப்படிப் புடிச்சதில்ல."

பெரியவர் அவள் கையைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார்.

அதன்பின் கால் நடக்க மறுத்தது. இருட்டத் தொடங்கியது. ஆற்றோரச் சாலையைக் கடக்கும்போது அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்; விளக்கு மாறியது; இந்தப் பக்கம் அவர் நின்றுவிட்டார். வண்டிகளின் இடைவெளியில் பார்த்தார். மருமகன் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். நாற்காலியின் முதுகுக்கு மேல் ஒரு நரைத்த தலை.

தெருவில் நின்று கத்துவது மரியாதையல்ல. இருந்தும் கத்தினார்.

"பாப்பா!"

யாரும் திரும்பவில்லை. நாற்காலியிலிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்தது. கேட்டது என்பது போல.

விளக்கு மறுபடி மாறியதும் கடந்து போனார். அவர்கள் நுழைந்திருந்த உணவகத்தின் முன்பக்கம் முழுதும் கண்ணாடி. உள்ளே மஞ்சள் வெளிச்சம். ஜன்னலோர மேசையில் அவர் குடும்பம். நடுவில் அது. அவருடைய சட்டை. அவருடைய மீசை. சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு எதையோ சொன்னது. மேசையே குலுங்கியது. மகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. மனைவி அதன் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே அவரைப் பார்த்தாள்.

கரண்டி கையிலேயே நின்றது.

தெரிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியாதா? ஒரு கணம் அவருக்கு உயிர் வந்தது.

அவள் மகளிடம் ஏதோ சொன்னாள். மகள் எழுந்து வெளியே வந்தாள். சம்பந்தியும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டார்.

"ஐயா, நீங்க நம்ம ஊர்ப்பக்கமா?" மகளின் குரல் கனிவாக இருந்தது. அந்நியர்களிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இங்க நின்னா எங்கம்மா பயப்படுறாங்க. வழி தவறிட்டீங்களா? உங்க ஆளுங்க வந்துருவாங்க இல்ல?"

நான்தான் பாப்பா. உன் அப்பா.

சொல்ல முடியும். நாலு வார்த்தை. ஆனால் அவருடைய தகப்பனார் கடைசியில் தெருவில் போகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி தலையைச் சாய்த்துக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

வாய் திறந்தது. நாள் முழுக்கப் பழகிய ஒரே சொல்தான் வந்தது.

"ஆமாம்."

மகள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "சரிங்க ஐயா. பனி கொட்டுது, பத்திரம்."

கதவு மூடியது. சத்தம் அறுந்தது.

தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். தைலம் இல்லை. எந்த வாசனையும் இல்லை.

உள்ளே அது எழுந்தது. கை ஊன்றவில்லை. முழங்கால் தடுக்கவில்லை. முதுகு நிமிர்ந்து, அவர் நிற்க ஆசைப்படுகிற விதத்தில் நின்று, ஜன்னலை நோக்கி நடந்து வந்தது. மேசையில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. மனைவி மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டு, கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய முகம். சிரிப்பில்லை. வீட்டுக்கு வந்துபோகும் பெரிய மனிதரை வழியனுப்புவது போல, மிகுந்த மரியாதையோடு அது ஒருமுறை தலையசைத்தது.

ஆமாம் என்று.

பிறகு திரையை இழுத்து மூடியது.