உதறிய கால்

மேஜோட்டைக் கழற்றினால் காலில் அதன் வரிகள் பதிந்திருப்பது வழக்கம்தான். பதினாறு வருஷமாக அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை மேஜோடு மாட்டும் கணக்கப்பிள்ளை தம்பையாவுக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் முப்பத்தேழாம் வருஷம் ஆடி பிறந்த அன்று, வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து மழையில் மலையெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்து, விறகுப் புகையும் ஈரக் கம்பளி நாற்றமும் கலந்து கிடந்த அடுப்படியில் உட்கார்ந்து வலது காலை நீட்டியபோது, கணுக்காலுக்கு மேலே வேறொன்றும் பதிந்திருந்தது. வரிசையாக நாலு குழிகள். எதிர்ப்பக்கத்தில் ஐந்தாவது.

தேய்த்துப் பார்த்தார். குழிகள் மேலெழவில்லை. அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கட்டெறும்புப் புற்றில் காலை விட்டதுபோல ஒரு விறுவிறுப்பு.

"அட்டை கடிச்சிருக்கும்ங்க" என்றாள் மனைவி பரிமளம்.

"அட்டை கடிச்சா ரத்தமில்லடி வரும்? குழியா விழும்?"

அவள் உப்பை வைத்துத் தேய்த்தாள். விறுவிறுப்பு போகவில்லை. மறுநாள் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டு நின்றபோது, குத்தல் எலும்புக்குள் இறங்கியிருந்தது.

கணக்கப்பிள்ளை உத்தியோகம் கையெழுத்தில் இல்லை ஐயா, காலில் இருக்கிறது. நாள் முழுக்க மலை ஏறி, ஆளை விரட்டி, அதட்டி, மறுபடி ஏற வேண்டும். கால் போனால் உத்தியோகம் போச்சு, உத்தியோகத்தோடு குடியிருக்கும் வீடும் போச்சு. நொண்டிக் கணக்கப்பிள்ளையை எந்தத் துரை வைத்துக்கொள்வான்? தம்பையா பயந்துபோனார். ஊரையே பயமுறுத்தியவர் பயந்தால் அது ஒரு தனி அவலம்.

பரிமளம் அவள் புத்திக்கு எட்டியதைச் சொன்னாள்: எவனோ பொறாமையில் காலடி மண்ணை எடுத்துவிட்டான். எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் கொளுத்தி, வாசலில் பூசணிக்காய் உடைத்தாள். மூன்றாம் நாள் குழிகள் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தன.

தோட்டத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சர் முத்துலிங்கம் தாடையைச் சொறிந்துகொண்டு காலைப் பார்த்தார். கட்டைவிரலால் கணைக்கால் எலும்பின்மேல் அழுத்தி எடுத்தார். அங்கேயும் பள்ளம் விழுந்தது.

"நீர் கோத்திருக்கு. நரம்பு பலவீனம். வீட்டில என்ன அரிசி?"

"நல்லாத் தீட்டின வெள்ளரிசி. கூலியாளுக மாதிரி சிவப்பரிசியா திம்போம்?"

"அதுதான் வினை. பெரிபெரின்னு பேரு. தவிடு தின்னுங்க, பயறு தின்னுங்க."

"மாட்டுக்கு வைக்கிற தவிட்டையா?"

"கால் வேணும்னா தின்னுங்க."

தின்றார். மானம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வந்தபின் தவிட்டுக்கு என்ன கௌரவம்? பத்து நாளில் பாத வீக்கம் வற்றியது. டிஸ்பென்சர் அழுத்திய பள்ளமும் மறைந்தது. அந்த ஐந்து குழிகள் மட்டும் மறையவில்லை. முழங்காலுக்குக் கீழே வந்து நின்றன. இடது காலிலும் ஐந்து.

பரிமளம் குனிந்து பார்த்தாள். தன் கையை அருகில் கொண்டுபோனாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க... இது யாரோ புடிச்ச மாதிரில்ல இருக்கு."

தம்பையா அவளை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையைத் தானே இறக்கிக்கொண்டார். ஏனென்றால் அவருக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

ஆனி மாதம், இதே மழை. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் கிடந்த தன் மகள் அழகம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டதென்று சேதி வந்ததும், கொழுந்து பறிக்கும் ராக்காயி கூடையைப் போட்டுவிட்டு மலைச்சரிவில் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி நாலு மைல். கம்பளியில் கட்டித் தூக்கிப்போக இரண்டு ஆள் கேட்டாள். "கொழுந்து நிறுத்து முடியட்டும்" என்றார் தம்பையா. அவள் சேற்றில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் நடந்தார். பிடியை விடாமல் நாலடி இழுபட்டு வந்தாள். உதறினார். அவ்வளவுதான். கொழுந்து நிறுத்து முடிந்து அவளை விட்டபின் அவளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டாவது மைல் பாலத்தில் பிள்ளை போய்விட்டது. வயது ஐந்து.

அதற்குப் பிறகும் ராக்காயி ஒருநாள் தவறாமல் பெரட்டுக்கு வந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் தம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. ஏசியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம்.

குழிகள் தொடைக்கு ஏறிய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானமே மூடுபனி இறங்கி கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசல்களை அழித்துவிட்டது. எங்கோ ஒரு தகரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே தம்பையா கடைசிக் காம்பராவுக்குப் போனார். ராக்காயி தணல் முன்னால் குந்தியிருந்தாள். அவர் வாசல் நிலையைப் பிடித்தபடி சரிந்து விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே அவள் காலைப் பிடித்தார்.

"கையை எடுத்துரும்மா. நான் செஞ்சது பாவம். போதும்மா, எடுத்துரு."

ராக்காயிக்கு விளங்கவில்லை. அவர் வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டினார். அவள் தணலை ஊதிவிட்டுக் குனிந்தாள். கொழுந்துக் கறை ஏறிக் காய்ப்புக் காய்த்த தன் கையை அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் விரித்தாள். அவள் விரல் ஒன்று, குழி இரண்டுக்குச் சமம்.

"இது எங் கை இல்லீங்க ஐயா."

தகரத்தில் சொட்டுவது நின்றிருந்தது.

"அழகுக்கு நடக்க ஏலாட்டி இப்பிடித்தான்" என்றாள். அவள் குரல் குழைந்திருந்தது. "காலைப் புடிச்சு, முட்டியைப் புடிச்சு, மெதுவா ஏறுவா. தூக்கிக்கச் சொல்லி."

தம்பையாவின் இடுப்பில் விறுவிறுத்தது.

விலாவில்.

தோளில்.

கழுத்தைச் சுற்றி. குளிர்ந்து. ஈரமாக. காதோரம் கொதிக்கிற மூச்சு.

ராக்காயியின் கண்கள் அவர் நெஞ்சுக்கு நேராக நின்றன. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எறங்கு தாயி. அம்மாகிட்ட வா. ஐயாவுக்குக் காலு வலிக்குதாம்."

காத்திருந்தாள். கைகள் வெறுமையாகவே நீண்டிருந்தன. பிறகு அவற்றை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எட்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வரமாட்டேங்கிறா. ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்."

தம்பையா அலற வாயைத் திறந்தார். கழுத்தைச் சுற்றிய பிடி இறுகியது. செத்துக் கிடந்த கால்கள் இரண்டும் அவரைக் கேட்காமல் எழுந்து நின்றன. தடி தரையில் கிடந்தது. வெளியே பனிக்குள் ஆஸ்பத்திரிப் பாதை இறங்கிப் போனது. வலது கால் ஒரு அடி வைத்தது. பின்னால் இடது கால்.

அவருடைய இடது கை தானாக மடிந்து, இடுப்போரம் ஒன்றுமில்லாத இடத்தில், கனமான எதையோ தாங்கிப் பிடித்துக்கொண்டது.