மூன்றாவது டியூபில் குற்றவாளி!

"ஆ... ஆ... ஆ!"

திங்கட்கிழமை காலை. பயாலஜி லேபிலிருந்து கிளம்பிய அலறலில், எதிரே கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்திருந்த தம்பி நாற்காலியோடு சாய்ந்தான்.

அது அவன் அக்காவின் குரல்!

ஓடினான்.

டீப் ஃப்ரீசரின் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. அதன் முன்னால், தரையில்... அக்கா!

உயிரோடுதான் இருந்தாள். உயிரை விட்டது வேறு.

"செத்துடுச்சுடா! அத்தனையும் செத்துடுச்சு!"

"என்னக்கா செத்துச்சு?"

"என் பாக்டீரியா!"

மூன்று வருட ஆராய்ச்சி. ஊர் ஊராய் அலைந்து, மண்ணைத் தோண்டிச் சேர்த்த கிருமிகள். சீக்கிரமே டாக்டர் பட்டம் என்று கனவு கண்டவள், ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதாள். எந்நேரமும் அவளைச் சீண்டுகிற தம்பியே தன் கைக்குட்டையை நீட்டினான்.

ஃப்ரீசரின் பின்னால் குனிந்து பார்த்தான்.

ப்ளக் பிடுங்கப்பட்டிருந்தது!

பக்கத்திலேயே... கடித்துக் குதறிய ஒரு நீலப் பேனா மூடி.

"தொடாதடா!" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறை மாட்டினாள். "இதுல எச்சில் ஒட்டியிருக்கும். எச்சில்ல டி.என்.ஏ. இருக்கும்."

"இந்தப் பேனாவை டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும்தானே குடுத்தாங்க? நான்கூட ஒண்ணு வாங்கினேன்."

அதற்குள் ப்ரொஃபசர் மேடம் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு, டி.என்.ஏ.வைக் கம்ப்யூட்டரில் அலசும் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பாடம் எடுப்பவர். சிரிப்பிலும் மார்க்கிலும் ஒரே அளவு கஞ்சம்.

"லேப் சாவி நாலு பேர்கிட்டதான் இருக்கு," என்றார். "உங்கக்கா, டெக்னீஷியன், நான், ப்ராஜெக்டுக்குன்னு வாங்கின நீ. இதுதான் இனிமே உன் ப்ராஜெக்ட். ஆளைக் கண்டுபிடிச்சா பாஸ். இல்லேன்னா அடுத்த வருஷமும் என் மூஞ்சியைத்தான் பார்க்கணும்!"

 தம்பி அக்கா பக்கம் திரும்பினான்.

"எவனா இருந்தாலும் சரி. உன் காலடியில கொண்டுவந்து போடறேன்கா!"

பேச்சுக்குக் குறைச்சலில்லை!

நான்கு பேரின் கன்னத்தின் உட்புறமும் பஞ்சால் துடைக்கப்பட்டது. நான்கு டியூப். முதலில் அக்கா, இரண்டு டெக்னீஷியன், மூன்று மேடம், நான்கு தம்பி. பேனா மூடி தனியாக.

இரண்டு வாரத்தில் மெஷின் எல்லாவற்றிலும் இருந்த டி.என்.ஏ.வை எழுத்தாக மாற்றிக் கொடுத்தது. ஏ, டி, ஜி, சி. நாலே எழுத்துதான்... ஆனால் முடிவே இல்லாத தொடர்கதை!

பயாலஜி என்றாலே காத தூரம் ஓடியவன், அக்காவுக்காக உட்கார்ந்தான். பென்சிலைக் கடித்துக் கடித்து ப்ரோக்ராம் எழுதினான். மூடியின் எழுத்துகளை ஒவ்வொரு டியூபின் எழுத்துகளோடும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுகிற ப்ரோக்ராம்.

ஓடியது... ஓடியது... நின்றது!

'பொருந்துவது: 3'.

தம்பி லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினான்.

"அக்கா... மேடம்!"

"என்னடா சொல்றே?"

"பேசாம விட்டுடலாம்கா. என் மார்க் அவங்க கையில இருக்கு."

"என் மூணு வருஷம்டா..."

அவ்வளவுதான் சொன்னாள். தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

மேடம் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... குற்றவாளி... நீங்கதான்!"

மேடம் இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"அப்படியா? ஏன் பண்ணினேன்னு உன் ப்ரோக்ராம் சொல்லுச்சா?"

"அதை நீங்கதான் சொல்லணும், மேடம்!"

"கொண்டா, பார்க்கலாம்."

ப்ரோக்ராமை வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டியூபை எதுலேருந்து எண்ணியிருக்கே?"

"பூஜ்யத்துலேருந்துதான் மேடம். கம்ப்யூட்டர்ல எப்பவும் அப்படித்தான்."

"அப்ப முதல் டியூப், உங்கக்கா... பூஜ்யம். டெக்னீஷியன் ஒண்ணு. நான் ரெண்டு." மேடம் நிமிர்ந்தார். "மூணு யாருப்பா?"



அக்கா மெல்லத் திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள். பல்லுக்கு நடுவே... பென்சில்!

"டேய்ய்ய்!"

"இரு, அக்கா... இரு! வெள்ளிக்கிழமை உனக்காகக் காத்திருந்தப்ப லேப்டாப்ல சார்ஜ் இல்ல. ஏதோ ஒரு ப்ளக்கை..."

"ஏதோ ஒரு ப்ளக்கா!"

"ஃப்ரீசர்னு சத்தியமா தெரியாதுக்கா!" அவன் குரல் உடைந்தது. அக்காவை அழவைத்தவனைத் தேடி அலைந்தவனுக்கு, அது தானே என்பது தாங்க முடியவில்லை. "அறைஞ்சுடு. ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சுடுக்கா."

அக்கா கையை ஓங்கினாள்...

போன் அடித்தது!

மேடம் எடுத்தார். கேட்டார். வைத்தார். அதிசயமாகச் சிரித்தார்.

"கையை இறக்கும்மா. கம்ப்யூட்டர் பசங்களை லேப்ல விட்டப்பவே பயந்துபோய், உன் கிருமிகள் ஒவ்வொண்ணுலயும் பாதியை இன்னொரு யூனிவர்சிட்டிக்கு அனுப்பி வச்சேன். உயிரோட இருக்கான்னு சோதிச்சுச் சொல்லச் சொல்லியிருந்தேன். அத்தனையும் சௌக்கியமாம்!"

அக்கா அழுதாள். இந்த முறை சிரித்துக்கொண்டே. ஓங்கிய கையால் தம்பியின் காதை மட்டும் திருகினாள்.

"மேடம்... ஆ... என் ரிசல்ட்?"

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டியே. பாஸ்தான். ஆனா ஃப்ரீசருக்காக மார்க்கைக் குறைச்சதுல, முப்பது பேர்ல முப்பதாவது ரேங்க்."

"கடைசியா? அம்மாகிட்ட என்ன மேடம் சொல்றது?"

"உன் கணக்குப்படி பூஜ்யத்துலேருந்து எண்ணிச் சொல்லு... ஒரு ரேங்க் மிச்சம்!"