நெத்திலிக் கடன்

இருநூற்று நாற்பது ரூபாய். ஆண்டனிக்குக் காவேரி தர வேண்டிய கடன் அது. ஒரு கூடை நெத்திலியின் விலை.

பெசன்ட் நகர் கடற்கரை. விடிந்தும் விடியாத நேரம். மணலில் காலால் கோடு கிழித்து, எதிரில் ஆளே இல்லாமல், 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போனாள் காவேரி. கோட்டுக்குப் பின்னோக்கித் திரும்பும்போது பாட்டு பாதியில் அறுந்தது. கண் இருட்டியது. வலை உதறிக்கொண்டிருந்த ஆண்டனியின் மீன் கூடையில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா, நெத்திலி மேல சீட்டு போட்டு குந்திகினு கீற?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. கை தானாக நெஞ்சுக்குப் போனது. உதடு வெளுத்திருந்தது. ஆண்டனி கிண்டலை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான்... மழைக்கு முந்தின கடல் மாதிரி, அடியில் ஏதோ புரண்டுகொண்டிருந்த கண்கள்.

"மீன் காசு நாளைக்குத் தரேன்."

"அது கெடக்கட்டும். உடம்புக்கு இன்னா?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் முன்பின் தெரியாதவனிடம் சொல்வது சுலபமாக இருந்தது. போன மாதம் வைரஸ் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியும் படி ஏறினால் மூச்சு இளைத்தது. இதயத் தசையில் வீக்கம், மூன்று மாதம் ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். தேறிட்டா ரயில்வேல வேலை. எங்க சைதாப்பேட்டை டீம்ல காய்ச்சல் வந்தா வேர்க்க வேர்க்க ஆடுவோம். எல்லாம் வேர்வையோட போயிடும்."

"வேர்வைல போறதுக்கு நெஞ்சு இன்னா சளியா?"

முறைத்தாள். ஆனாலும் மறுநாள் காசோடு வந்தாள். அவன் வாங்கவில்லை. "சில்லறை இல்ல" என்றான். அதற்கும் மறுநாள், "கை ஈரமா கீது." மூன்றாம் நாள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது... ஆனால் பாட்டு அன்றும் அதே இடத்தில் அறுந்தது. அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் காவேரி ஆத்திரத்தோடு வந்தாள்.

"எங்க கோச் நாகராஜ் மாஸ்டர் நாளைக்கு ஆடுற லிஸ்ட்லேர்ந்து என் பேரை எடுத்துட்டாரு."

"நான்தான் சைதாப்பேட்டைக்குப் போயி அவராண்ட சொன்னேன்."

"சொல்றதுக்கு நீ யாரு எனக்கு?"

மீன் காசை அவன்முன் நீட்டினாள்; அவன் தொடவில்லை.

"இத்த வாங்கிகினா நீ இந்தப் பக்கம் வரமாட்ட. நெஞ்சு சரியானதும் வந்து குடு."

"பரிதாபப்படுறியா?"

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்த வேலை வேறொருத்திக்குப் போனது. காவேரி வீட்டில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் அடையாறு பாலத்தில் ஏறும்போதெல்லாம் கடல் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன்மேல் கோபமா, அவன் பார்த்த தன் பலவீனத்தின்மேல் கோபமா... அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார், டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்த்தார். "வீக்கம் வடிஞ்சிடுச்சு. மெதுவா ஆரம்பிக்கலாம். அன்னைக்கு மட்டும் ஆடியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்ட மீதியைச் சுமந்துகொண்டு காவேரி பஸ் ஏறினாள்.

கடற்கரையில் தூறிக்கொண்டிருந்தது. படகோரம் நின்ற ஆண்டனி அவளைப் பார்த்ததும் கையிலிருந்த வலையை நழுவவிட்டான். அவள் காலால் கோடு கிழித்தாள். மழையில் மெல்ல நடந்தே பாடி வந்தாள். கபடி... கபடி... கபடி... எங்கேயும் அறுபடவில்லை. அவன் தோளைத் தொட்டாள்.

தொட்டவள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. பாட்டைத் தானே நிறுத்தி, மூச்சை விட்டாள்.

"கோட்டுக்குப் போலயா? அவுட்டாயிடுவ."

"ஆவட்டும். நீ யாருன்னு அன்னிக்குக் கேட்டேனே... இப்ப சொல்லு."

ஆண்டனி மணலைப் பார்த்தான். "உனக்கு மூச்சு அறுந்தப்ப எனக்கும் அறுந்துச்சு. அதுக்கு இன்னா பேருன்னு உனக்கே தெரியும்."

அவள் கண் நனைந்திருந்தது. மழையில் அது வெளியே தெரியவில்லை. "அடுத்த வருஷம் செலக்‌ஷன்ல நிப்பேன். நீயும் வரணும்" என்று சொல்லி, மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்தாள்.

அவள் விரல்களை நோட்டோடு சேர்த்து மூடினான் அவன்.

"வேணாம். கடனைத் தள்ளிட்டேன்."

"ஏன்?"

"நீ வர்றதுக்கு இனிமே கடன் எதுக்கு?"