மாலத்தீவின் இரு பக்கமும்

பூமாரி இப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியும் மாறிவிட்டது. ஆனாலும் ஆறாம் வகுப்பில் ஒரு வாரம் மாலத்தீவின் அதிபராக இருந்ததை நினைத்தால், அவளுக்கு இன்றும் சிரிப்பு வரும். கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கும்.

அப்போது அவள் ஆரியசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் படித்தாள். அங்கே ஷிஜா டீச்சர் வரலாற்றுப் பாடத்தை நடத்த மாட்டார், நடிக்கச் சொல்வார். 1985-இல் ஏழு அண்டை நாடுகளின் தலைவர்கள் டாக்காவில் கூடி, 'சார்க்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தை ஆண்டுவிழாவில் நடித்துக் காட்ட வேண்டும் என்றார்.

பெரிய நாடுகளுக்குப் பெரிய போட்டி. குட்டி மாலத்தீவை யாரும் கேட்கவில்லை. பூமாரி கை தூக்கினாள். அவள் அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். வைத்தியத்துக்காக வரும் மாலத்தீவுக்காரர்கள் அங்கே தங்குவார்கள்.

"அந்த ஊர் மாசிக் கருவாடு நான் தின்னிருக்கேன் டீச்சர்" என்றாள். அந்தத் தகுதி போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஆங்கில அகரவரிசைப்படி நாற்காலிகள் போட்டார்கள். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் நடுவில் மாலத்தீவு வந்தது. இந்தியா சுனில், நேபாளம் ஜெயன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். ஆனால் விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டை வந்து, இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

"அவன் வந்தா நான் வரல டீச்சர்" என்றான் ஜெயன். சுனிலும் அதையே சொன்னான்.

அந்தக் கூட்டமைப்பில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் எடுக்க முடியும் என்றார் டீச்சர். ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் கூட்டம் இல்லை. நாளைக்குள் இருவரும் சரியாகாவிட்டால் நாடகத்தை விட்டுவிட்டுக் குழுப்பாட்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பூமாரிக்கு முகம் வாடிவிட்டது. மாலத்தீவுக்கு அவள் ஆறு வரி வசனம் மனப்பாடம் செய்திருந்தாள்.

வீட்டில் டீச்சர் கொடுத்த குறிப்பை மறுபடி படித்தாள். தலைவர்கள் திடீரென்று ஒருநாள் கூடிவிடவில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பே அதிகாரிகள் கொழும்பில் கூடி, பயிர், வானிலை, தொலைபேசி என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பேசியிருக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்குள் இருக்கும் தகராறுகளை இந்தக் கூட்டத்தில் எடுப்பதில்லை என்று பிறகு விதியே எழுதினார்களாம். பூமாரி அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் இடைவேளையில் அவள் ஜெயனிடம் போனாள். நேபாளக் கொடி மற்ற கொடிகளைப் போல் நாலு மூலைக் கொடி அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணம். ஜெயன் மூன்று சிவப்புத் தாளை வெட்டிக் கெடுத்திருந்தான். சுனிலின் கொடியிலோ சக்கரம் நசுங்கிய தோசைபோல் இருந்தது. அதில் இருபத்துநாலு கம்பி வரவேண்டும்.

"சுனில் நல்லா வெட்டுவான். நீ கணக்குல கெட்டி. அவன் கொடியை நீ போடு, உன் கொடியை அவன் வெட்டட்டும்" என்றாள்.

"அப்போ பந்து விஷயம்?"

"அது இந்தக் கூட்டத்துல இல்ல. கொடி மட்டும்தான்."

சுனிலிடமும் இதையே சொல்லி இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தாள். நடுவில் அவள்.

முதல் பத்து நிமிடம் எல்லாப் பேச்சும் அவள் வழியாகவே நடந்தது.

"மாலத்தீவே, அந்த ஸ்கேலைக் கேளு."

"மாலத்தீவே, ஒரு கம்பிக்குப் பதினஞ்சு டிகிரின்னு சொல்லு."

பிறகு சுனிலின் கத்திரிக்கோல் கொஞ்சம் வழுக்கியது. ஜெயன் எல்லாவற்றையும் மறந்து எட்டி அவன் கையைப் பிடித்தான்.

"டேய், அங்க இல்லடா. கோட்டுக்கு இந்தப் பக்கம்."

"சரிடா" என்றான் சுனில்.

பூமாரி மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

விழாவில் ஏழு நாற்காலியும் நிறைந்திருந்தன. பூமாரி ஆறு வரியையும் தடுமாறாமல் சொன்னாள். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டோ எடுக்கும் நேரத்தில் சுனிலும் ஜெயனும் அவள் தலைக்கு முன்னால் கையை நீட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது சுனில் நாகர்கோவிலில் படிக்கிறான். ஜெயன் வேறு பள்ளி. அந்தப் போட்டோ பூமாரியின் மேசைமேல் இருக்கிறது. இரண்டு கைகளுக்கு நடுவே அவள் மூக்கும் ஒரு கண்ணும் மட்டும்தான் தெரியும். தான் எடுத்துக்கொண்ட படங்களிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்பாள் அவள்.