பதினொரு மணி வெயில்

2041 மே மாதம். தூத்துக்குடிக் கடைத்தெருவில் மோர் விற்றவர்கள் சுக்குக் காபிக்கு மாறியிருந்தார்கள். எல்லாம் விண்குளிராடை செய்த வேலை! போக்குவரத்துக் காவலர் முதல் பூக்காரி வரை ஊரே அந்த வெள்ளி நிறச் சட்டையில் ஜம்மென்று நடமாடியது. உப்பளத்துக்கு மட்டும் இன்றுதான் வந்து சேர்ந்தது.

பேச்சியம்மாள் மனு மேல் மனு எழுதி வாங்கிய சட்டைகள் அவை. போன கோடையில் அவள் தங்கை உப்பு வாரும்போதே மயங்கி விழுந்தாள். பிறகு எழவே இல்லை.

"இது என்ன உலோகம்னு சொன்னீக டாக்டரம்மா?"

"ஹாஃப்னியம், பேச்சியக்கா. எங்க மணவாளக்குறிச்சி மண்ணுல சிர்கோனியத்தோட ஒட்டிக்கிட்டே கிடக்கும். ரெண்டையும் பிரிக்கதுக்குள்ள தாவு தீந்துரும்!" என்றாள் சட்டையைக் கண்டுபிடித்த ஜெசிந்தா.

அணு உலையின் எரிபொருள் குழாய்க்குச் சுத்தமான சிர்கோனியம் வேண்டும். ஹாஃப்னியம் கலந்தால் நியூட்ரான்களை விழுங்கிவிடும். அப்படி ஒதுக்கப்பட்ட ஹாஃப்னியத்தின் ஆக்சைடைத்தான் ஜெசிந்தா துணியில் மெல்லிய அடுக்குகளாகப் பூசியிருந்தாள். அது வெயிலைத் திருப்பி அடிக்கும். உடம்புச் சூட்டைக் காற்றில் தங்கவிடாமல் நேரே விண்வெளிக்கு அனுப்பிவிடும்.

மணி பதினொன்று. வழக்கமாக எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி, சட்டைக்குள் இருபத்தைந்து!

"ஏளா, குளிருதுளா!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். பெண்கள் பாத்திகளுக்கு நடுவே குதித்தார்கள். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கங்காணி சுடலைமணி கைப்பேசியோடு ஓடிவந்தார். அவர் முகத்திலும் ஒரே சந்தோஷம்.

"மொதலாளிட்ட சொல்லிட்டேன்! இன்னைலருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வேல!"

"விடியக்காலம் நாலு மணிக்கு வந்தவுகளுமா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"எல்லாருந்தான். இனிம வெயிலுன்னு சாக்கு சொல்ல முடியாதுல்லா?"

"சட்டை அதுக்கில்லைங்க..." என்றாள் ஜெசிந்தா. அவர் அதற்குள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

பேச்சியம்மாள் சட்டையைக் கழற்றினாள். அனல் உடம்பில் அறைந்தது.

"மொதலாளி ஒருநாளும் எங்கள வீட்டுக்குப் போகச் சொன்னதில்ல டாக்டரம்மா. வெயிலுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

தூரத்திலிருந்து கங்காணி கூப்பிட்டார்.

"போட்டுக்கிடு பேச்சி, இன்னும் ஆறு மணி நேரம் கெடக்கு!"

அவள் போட்டுக்கொண்டாள். சட்டை உடனே குளிர்ந்தது.